இருக்கைக்கு அடியில் இரண்டு ஒயர்

காலை ஏழு மணியிலிருந்து மேட்டுக்காரர் புல்வெட்டும் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை. உறுமல் வேண்டாம், ஒரு முனகலாவது வரவேண்டாமா? பிரேக்கை மிதித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தார். விட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தார். பிளேடு நெம்புகோலை மேலும் கீழும் இழுத்தார். முன்மூடியைத் திறந்து பேட்டரியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். கடைசியில் முன்சக்கரத்தை ஓர் உதை விட்டார். கால் வலித்ததுதான் மிச்சம்.

அந்தக் குடிநீர் நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் பெரிய தொட்டி அங்கே தரைக்குள் பாதி புதைந்து கிடந்தது. அதன் மேல் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்திருந்தார்கள். உச்சியில் தட்டையாகவும் நாலு பக்கமும் சரிவாகவும் இருந்த அந்தக் குன்றை எல்லோரும் மேடு என்பார்கள். பதினாறு வருஷமாக மேட்டின் புல்லுக்கு அவர் பொறுப்பு, அதனால் மேட்டுக்காரர். அவரைக் கேட்காமல் அங்கே ஒரு புல் நிமிராது என்று வாசல் காவலாளி கேலி செய்வான். மேட்டுக்காரர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

இப்போதோ எல்லாப் புல்லும் அவரைக் கேட்காமலே நிமிர்ந்து நின்றது. பத்து நாள் விட்டுவிட்டுப் பெய்த மழையில் அது கெண்டைக்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தொட்டியிலிருந்து மேலே நீட்டியிருந்த காற்றுக் குழாய்கள் பாதி மறைந்துவிட்டன. மறுநாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். இந்த நேரம் பார்த்து வண்டி வாயை மூடிக்கொண்டது.

எட்டு மணிக்கு என்ஜினியர் அம்மா வந்தார். நிலையத்துக்கு மாற்றலாகி அவருக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். வண்டியையும் மேட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பட்டறைக்குப் போன் பண்ணியாகிவிட்டது, ஒன்பதரைக்கு ஆள் வரும் என்றார்.

மேட்டுக்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். பட்டறை ஆளெல்லாம் எதற்கு, பேட்டரிதான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் தானாகச் சரியாகிவிடும் என்றார். என்ஜினியர் அம்மா, வெயில் எங்கே என்று வானத்தைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

மேட்டுக்காரர் பயந்ததற்குக் காரணம் வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்தது. அங்கே ஒரு சுவிட்ச் உண்டு. சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் வண்டி கிளம்பும். ஓடும்போது ஆள் எழுந்துவிட்டால் அந்த நொடியே என்ஜின் அணைந்து, பிளேடும் நின்றுபோகும். மேட்டுக்காரருக்கு அந்தச் சுவிட்சைக் கண்டாலே ஆகாது. மேட்டில் கல் கிடக்கும், காற்றுக்கு விழுந்த குச்சி கிடக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துப்போட இறங்கினால், ஒவ்வொரு தடவையும் வண்டி செத்துப்போகும். சரிவில் தூக்கிப்போடும்போது பிட்டம் ஒரு விரற்கடை எழும்பினாலே போதும், அணைந்துவிடும். ஒரு தகர டப்பா தன்னைப் பார்த்து 'உட்காரு' என்று உத்தரவு போடுவதா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலு மாசத்துக்கு முன்னால், ஒரே சுற்றில் மூன்று தடவை வண்டி நின்ற ஒரு நாள், அவர் சீட்டைத் தூக்கி அந்தச் சுவிட்சின் பிளக்கைக் கத்தியால் வெட்டி எறிந்தார். இரண்டு ஒயரின் தோலையும் உரித்து ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றினார். அதற்குப் பிறகு வண்டியைப் பொறுத்தவரை சீட்டில் எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். மேட்டுக்காரர் இஷ்டத்துக்கு இறங்கினார், ஏறினார். நிம்மதியாக இருந்தது.

இன்று காலையிலும் முதலில் சீட்டைத் தூக்கித்தான் பார்த்தார். டேப் இறுக்கமாகவே இருந்தது. கோளாறு வேறெங்கோதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பட்டறை ஆள் வருவதற்குள் அதைப் பிரித்துப் பழையபடி மாட்டிவிடலாம் என்றால், வெட்டின பிளக் என்றைக்கோ குப்பையோடு போய்விட்டது.

ஒன்பதரைக்குப் பட்டறையின் சின்ன வேன் வந்து நின்றது. கதவு திறந்து முதலில் கருவிப்பை இறங்கியது. பிறகு இடது கால். பிறகு, யோசித்து யோசித்து, வலது கால்.

அந்தக் காலைப் பார்த்ததுமே மேட்டுக்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை. வந்தவர் அவருடைய சகலை. அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவர் இவர்.

ஆறு வருஷத்துக்கு முன்புவரை சகலையும் இதே நிலையத்தில்தான் மெக்கானிக்காக இருந்தார். இருவரும் ஒரே சைக்கிளில் வேலைக்கு வந்தவர்கள். இவர் அவரை 'அண்ணே' என்பார், அவர் இவரைத் 'தம்பி' என்பார். ஒரே டிபன் அடுக்கில் இரண்டு வீட்டுச் சாப்பாடும் வரும். அப்போது இருந்தது பழைய புல்வண்டி. அதிலும் இதே போல ஒரு சுவிட்ச், அதையும் இதே போல இவர் முறுக்கிவைத்திருந்தார். ஒரு நாள் சரிவின் மேல் விளிம்பில் வண்டியை ஓடவிட்டபடி இறங்கி ஒரு கிளையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வண்டி மெல்ல நகர்ந்து, சரிவைப் பிடித்து, பிளேடு சுற்றச் சுற்றக் கீழே ஓடியது. அடியில் வால்வுக் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தவர் சகலை. குழிக்குள்ளிருந்து அவர் வெளியே தாவியதில் உயிர் தப்பியது. வலது காலில் மூன்று விரல் போனது.

விசாரணையில் முறுக்கின ஒயரை மேஜைமேல் வைத்து, இது யார் வேலை என்று கேட்டார்கள். மேட்டுக்காரர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். வண்டி ஓட்டுவதுதான் தன் வேலை, ஒயர் விவகாரமெல்லாம் மெக்கானிக்குக்குத்தான் தெரியும் என்றார். அது பொய்யென்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை. மாதாமாதம் வண்டியைப் பரிசோதித்த தாளில், சீட் சுவிட்ச் சரி என்ற கட்டத்துக்கு நேராகச் சகலையின் கையெழுத்து இருந்தது. தம்பி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதை நம்பி, சீட்டைத் தூக்கிப் பார்க்காமலே போட்ட கையெழுத்துகள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே அவருக்கு வேலை போனது.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. மாமியார் வீட்டுக்குக்கூட நாள் மாற்றித்தான் போவார்கள்.

இப்போது சகலை மேட்டுக்காரரை ஏறிட்டும் பார்க்கவில்லை. வண்டி நின்ற கொட்டகைக்குள் வந்து, அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, பையைத் தரையில் வைத்தார். என்ஜினியர் அம்மா வந்து சேர்ந்ததும் அவரிடம் மட்டும் பேசினார்.

"மேடம், வண்டி கடைசியா எப்போ ஓடுச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க."

மேட்டுக்காரர் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். "நேத்து சாயங்காலம், ஓரத்துல கொஞ்சம் வெட்டினப்போன்னு சொல்லுங்க மேடம்."

"சாவியைத் திருப்பினா 'டிக்'குனு சத்தம் வருதான்னு கேளுங்க."

"வரலைன்னு சொல்லுங்க."

என்ஜினியர் அம்மா இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றார். அவர் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இவர்களுக்குள் என்னவோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சகலை முன்மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் அரைத்த புல் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் அதை வழித்துப் பார்த்துவிட்டு, வண்டியைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்களா என்று கேட்டார். இல்லவே இல்லை, ஈரத் துணியால் துடைத்ததுதான் என்றார் மேட்டுக்காரர். கொட்டகை மூலையில் ரப்பர் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டு கிடந்தது. சகலை அதைப் பார்த்தார். என்ஜினியர் அம்மாவும் பார்த்தார்.

முதலில் பேட்டரி. மேட்டுக்காரர் மனசுக்குள் அந்தப் பேட்டரியிடம் கெஞ்சினார். செத்துத் தொலை, இன்று ஒரு நாள் மட்டும் செத்துத் தொலை. சகலை மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். புதுசு போல இருந்தது. பேட்டரி முனைகளைத் திருகிப் பார்த்தார், இறுக்கமாகவே இருந்தன. பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பி அறுபடாமல் மின்னியது.

மேட்டுக்காரர் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டார். போன மாசத்துப் பெட்ரோல், மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும், அதை மாற்றினாலே ஓடிவிடும் என்று என்ஜினியர் அம்மாவிடம் அடித்துச் சொன்னார். சகலை பதிலை அதே என்ஜினியர் அம்மாவிடமே கொடுத்தார். பெட்ரோல் கெட்டிருந்தால் என்ஜின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. இந்த வண்டி சுற்றவே இல்லை. இது தெரியாதவர்கள் பதினாறு வருஷமாக வண்டி ஓட்டுவது ஆச்சரியம்தான்.

"எனக்கு ஓட்டத் தெரிஞ்சா போதும்" என்றார் மேட்டுக்காரர். "ஸ்குரு பிடிக்கிறவன் வேலையை நான் ஏன் கத்துக்கணும்?"

சகலை கைவேலையை நிறுத்தவில்லை. "நல்லாத் தெரியும் மேடம், அவருக்கு ஓட்டத் தெரியும். ஆள் மேலயும் ஓட்டுவார்" என்றார்.

என்ஜினியர் அம்மா சட்டென்று சகலையின் காலைப் பார்த்தார். அலமாரியில் இருந்த பழைய விபத்துக் கோப்பு அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். டப்பாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சகலை தடித்த திருப்புளியை எடுத்து ஸ்டார்ட்டர் ரிலேயின் இரண்டு முனைகளையும் குறுக்கே ஒரு கணம் தொட்டார். பொறி பறந்தது. வண்டி 'உர்ர்' என்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கொட்டகைக்குள் இரண்டு புறா எழுந்து பறந்தன.

ஸ்டார்ட்டரும் நன்றாக இருக்கிறது, சாவியிலிருந்து அதுவரைக்கும் மின்சாரம் போகாமல் நடுவில்தான் எதுவோ தடுக்கிறது என்றார் சகலை. தடுக்கக்கூடியவை மூன்று. பிரேக்கில் ஒரு சுவிட்ச், பிளேடு நெம்புகோலில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று. அந்த மூன்றாவதைச் சொல்லும்போதுதான் முதல்முறையாக மேட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார். அரை நொடிதான்.

மேட்டுக்காரர் முந்திக்கொண்டார். பிரேக்கைத் தான் மிதித்துக்கொள்வதாகச் சொல்லி, யாரும் கேட்காமலே வண்டிமேல் ஏறிச் சீட்டில் உட்கார்ந்தார். பிரேக்கை ஊன்றி மிதித்தார்.

சகலை தரையில் ஒருக்களித்துப் படுத்தார். வலது காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்துக்கொண்டுதான் படுக்க முடிந்தது. பிரேக் சுவிட்சில் மீட்டரை வைத்தார், மீட்டர் கத்தியது. நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிளேடு சுவிட்சில் வைத்தார், அங்கேயும் கத்தியது. அவர் எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்திரிங்க" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் இவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த 'ங்க' கன்னத்தில் அறைவது போல இருந்தது.

"எதுக்கு?" என்றார் மேட்டுக்காரர்.

"சீட்டைத் தூக்கணும்."

சீட்டில் ஒன்றுமில்லை என்றார் மேட்டுக்காரர். ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதானே அந்தச் சுவிட்ச் வேலை செய்யும், தான் உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். தனக்கு இடுப்புப் பிடிப்பு, ஏறினால் இறங்க நேரமாகும் என்றார். பேசப் பேச அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொண்டே போயின. நகராத வண்டியை அவர் எங்கோ ஓட்டிக்கொண்டு போவது போலிருந்தது.

சகலை வற்புறுத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படியே நாள் பூராவும் நிற்பார் என்று தோன்றியது.

"அண்ணே, இறங்குங்க" என்றார் என்ஜினியர் அம்மா. குரல் உயரவில்லை. ஆனாலும் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மேட்டுக்காரர் இறங்கினார். சகலை சீட்டின் முன்விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பின்பக்கம் சாய்த்தார். கறுப்பு டேப் சுற்றின உருண்டை, கொழுத்த புழு மாதிரி நடுவில் கிடந்தது. அதைப் பார்த்ததும் சகலையின் கழுத்து நரம்பு ஒரு தடவை புடைத்து அடங்கியது. பிறகு சின்னக் கத்தியால் டேப்பை நீளவாக்கில் கீறிப் பிரித்தார். உள்ளே செம்புக் கம்பி பச்சைபிடித்துப் பொடியாக உதிர்ந்தது. குழாயால் பீய்ச்சிய தண்ணீர் டேப்புக்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் நாலு மாசமாக அதைத் தின்றிருந்தது. முறுக்கு விட்டுப்போனதால், வண்டியின் கணக்கில் இன்று காலை சீட்டில் ஆளே இல்லை.

என்ஜினியர் அம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். யார் இதைச் செய்தது என்று கேட்டார்.

மேட்டுக்காரரிடம் பதில் தயாராக இருந்தது. வண்டி வரும்போதே அப்படித்தான் வந்தது, பட்டறையில்தான் யாரோ செய்திருக்கிறார்கள் என்று சொல்லப்போனார். அதற்கு வாயையும் திறந்துவிட்டார். அதற்குள் சகலை பேசினார், என்ஜினியர் அம்மாவிடமும் இல்லை, இவரிடமும் இல்லை, கையிலிருந்த அந்த ஒயரிடம் பேசுவது போல.

"யாரு பண்ணினதோ, கை விளங்காதவன் பண்ணியிருக்கான். இது ஒரு முறுக்கா? சின்னப் பிள்ளைகூட இதைவிட நல்லா முறுக்கும். கொஞ்ச மாசம்கூடத் தாங்கலை பாருங்க. இந்த லட்சணத்துல வேலை தெரியும்னு நினைப்பு வேற."

மேட்டுக்காரருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பொய்யன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். ஆறு வருஷமாக அதற்குத் தோல் தடித்துப்போயிருந்தது. கை விளங்காதவன் என்ற சொல்தான் நேராக உள்ளே இறங்கியது.

"யாருக்குய்யா கை விளங்கலை?" என்றார். "நீ குழாய்த் தண்ணியைக் குறை சொல்லு, முறுக்கைச் சொல்லாத. இதே கை போட்ட முறுக்கு பழைய வண்டியில ஒன்றரை வருஷம் நின்னுச்சு. ஒரு தடவை விட்டுருக்குமா? உன்னாலயே கண்டுபிடிக்க முடியலையே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

கொட்டகைக்குள் ரப்பர் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. சகலை ஒயரைக் கீழே விட்டுவிட்டு, வண்டியின் மட்கார்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். ஜெயித்தவரின் முகம் மாதிரி இல்லை அது. ரொம்ப நேரம் சுமந்த கனத்தை இறக்கிவைத்தவன் முகம் மாதிரி இருந்தது.

"கண்டுபிடிக்க முடியாம இல்லை" என்றார் மெதுவாக. "தூக்கிப் பாக்கலை. தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தூக்கிப் பாக்கலை. என் தப்பு அது ஒண்ணுதான்."

அப்புறம் அவர் பையைத் திறந்து வேலையைப் பார்த்தார். பச்சைபிடித்த நுனிகளை வெட்டினார், நல்ல ஒயர் வரும்வரை உரித்தார், புது பிளக்கைப் பொருத்தி சுவிட்சோடு மாட்டினார். சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையைப் போட்டு லைட்டரால் சூடு காட்டினார். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் மேட்டுக்காரர் கோபத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று என்ஜினியர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தான் சொன்னது இந்த வண்டியைப் பற்றி என்றார். பழைய வண்டி என்று வாய்தவறி வந்துவிட்டது என்றார். இந்த வண்டி வந்தே எட்டு மாசம்தான் ஆகிறது, இதில் ஒன்றரை வருஷம் எப்படி நின்றது என்று என்ஜினியர் அம்மா கேட்டார்.

சகலை சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. பிளேடை ஓடவிட்டுச் சீட்டிலிருந்து எழுந்தார். என்ஜின் அந்த நொடியே அணைந்தது. மறுபடி உட்கார்ந்து கிளப்பினார், மறுபடி எழுந்தார், மறுபடி அணைந்தது. மூன்று தடவை செய்தார். ஒவ்வொரு தடவையும் அது மேட்டுக்காரரைக் குத்தத்தான் என்று மேட்டுக்காரருக்குப் பட்டது. அப்படியும் இருக்கலாம்.

வேன் போனதும் என்ஜினியர் அம்மா மேட்டுக்காரரிடம் சுருக்கமாகச் சொன்னார். இன்று புல்லை வெட்டி முடிக்க வேண்டும், நாளைக் காலையிலிருந்து அவர் பம்ப் அறைக்கு மாறிக்கொள்ளலாம், மேடு இனி வேறு ஆளிடம் போகும். "இங்க கேட்டதை நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதத்தான் போறேன். நீங்களே எழுதிக் குடுத்தா, அது உங்க எழுத்துல இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்று மாலைவரை மேட்டுக்காரர் மேட்டை வெட்டினார். எத்தனை கல், எத்தனை குச்சி என்று எண்ணவில்லை. இறங்கின ஒவ்வொரு தடவையும் வண்டி அணைந்தது. ஏறின ஒவ்வொரு தடவையும் சகலையை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கிளப்பினார். தன்னை வேண்டுமென்றே சீண்டி வாயைப் பிடுங்கிவிட்டான், அது நியாயமா என்று காற்றுக் குழாய்களிடம் கேட்டார்.

வீட்டில் யாருக்கும் சொல்வதில்லை என்ற முடிவோடுதான் போனார். மனைவி அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தாள். கையில் போன். சோற்றை வடித்துவைத்திருந்தாள், ஆனால் தட்டு எடுத்துவைக்கவில்லை.

மத்தியானம் அக்கா போன் பண்ணினாள் என்றாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. ஒரே வார்த்தைதான் பேசினாளாம். உன் புருஷன் இன்றைக்கு வாயைத் திறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். என்ன விஷயம் என்று மனைவி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்ட முகத்தோடு நின்றாள்.

மேட்டுக்காரர் அன்றைய நிலைமையை எடுத்துச் சொன்னார். வேலை போயிருந்தால் குடும்பம் நடுத்தெருவில் நின்றிருக்கும், பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள், அவளுக்காகத்தான், அவர்களுக்காகத்தான் என்றார்.

"எனக்காகன்னு சொல்லாதீங்க" என்றாள். "கட்டுப்போட்ட காலோட அவர் கட்டில்ல கிடக்கும்போது, நான் அக்கா வீட்டு வாசல்ல நின்னு பேசினேன். எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார், உன் புருஷன்தான் செஞ்சதை மறைக்கிறார்னு பேசினேன். அவ பதில் ஒண்ணும் பேசலை. கதவைச் சாத்திக்கிட்டா. அந்தக் கதவை அவ சாத்தலை, நீங்க சாத்த வச்சீங்க."

அவர் ஏதோ சொல்லப்போனார். அவள் மேஜை இழுப்பறையிலிருந்து பெரிய பையனின் நோட்டையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நடந்ததை எழுதச் சொன்னாள். அவர் எழுதாவிட்டால் தான் எழுதப்போவதாகவும், தன் எழுத்து அவருடையதைவிட நன்றாகவே இருக்கும் என்றும் சொன்னாள். சோற்றுப் பானையை மூடிவிட்டுப் பிள்ளைகள் இருந்த அறைக்குப் போய்விட்டாள்.

மூன்று தாள் கிழிந்தது. முதல் தாளில் சரிவையும் மழையையும் குறை சொல்லியிருந்தார். இரண்டாவதில் நிர்வாகத்தை. மூன்றாவதில் சகலையின் கையெழுத்தைப் பற்றியே பாதிக்குமேல் வந்துவிட்டது. நாலாவது தாளில் ஐந்து வரிதான் இருந்தது. இரண்டு வண்டியிலும் ஒயரை முறுக்கியது நான். வேறு யாருக்கும் தெரியாது. விசாரணையில் நான் சொன்னது பொய். இதை எழுதும்போது பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் அதில் எங்கேயும் இல்லை. அவருக்கு அது வரவில்லை.

மறுநாள் காலை அந்தத் தாளை என்ஜினியர் அம்மாவிடம் கொடுத்தார். ஆய்வு நல்லபடியாகவே முடிந்தது. மேடு அழகாக இருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்களாம். அப்போது மேட்டுக்காரர் பம்ப் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகக் கூடாத வேலை அது. காவலாளி மட்டும் பழக்கத்தில் இன்னும் மேட்டுக்காரர் என்றே கூப்பிட்டான். இப்போது அதில் கேலி இருப்பது அவருக்குக் கேட்டது.

இரண்டு மாசம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பழைய விசாரணையின் முடிவை ரத்து செய்திருந்தார்கள். மெக்கானிக் விரும்பினால் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று அவருக்குத் தனியாகக் கடிதம் போனது. அந்த இடத்தில் கால் வைக்கத் தனக்கு விருப்பமில்லை என்று அவர் ஒரு வரியில் பதில் எழுதிவிட்டாராம். மேட்டுக்காரருக்குச் சம்பள உயர்வு இரண்டு வருஷத்துக்கு நிறுத்தம். வேலை போகவில்லை. தன் வாயால் தானே ஒப்புக்கொண்டதற்காக என்றார்கள். அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

அவர் எழுதியதன் நகல் ஒன்றைச் சகலையின் கையில் நேரில் கொடுக்க வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். தபாலில் போட்டால் என்ன என்று ஒரு வாரம் வாதாடிப் பார்த்தார். அந்த ஒரு வாரமும் அவள் தேவைக்குமேல் ஒரு சொல் பேசவில்லை. எட்டாம் நாள் காலை அவர் பட்டறைக்குப் போனார்.

பட்டறை நீளமான தகரக் கூரை. இரண்டு பக்கமும் பிரித்துப்போட்ட என்ஜின்கள், நடுவில் எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. கடைக்கோடியில் சகலை ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மடியில் கார்புரேட்டரை வைத்துக்கொண்டு மெல்லிய கம்பியால் அதன் துளையைக் குத்திக்கொண்டிருந்தார். மேட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். சகலை நிமிரவில்லை.

தாளை நீட்டினார். அது கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது. பிறகு சகலை கையைத் துணியில் துடைத்து, அதை வாங்கி, முழுதாக ஒரு தடவை படித்தார். கடைசி வரிக்கு வந்தபின் மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"தேதி போடலை" என்றார்.

மேட்டுக்காரர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். இல்லை. சகலை தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினார். மேட்டுக்காரர் ஒரு பழைய சிலிண்டரின்மேல் தாளை வைத்து அன்றைய தேதியைப் போட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, அதன் கீழே விபத்து நடந்த நாளின் தேதியையும் போட்டார். அது அவருக்கு யோசிக்காமலே ஞாபகம் இருந்தது.

சகலை அதையும் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். கார்புரேட்டரை மறுபடி மடியில் எடுத்துவைத்து, துளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

மேட்டுக்காரர் அங்கேயே நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அண்ணே என்று ஆரம்பிக்கலாமா என்று நினைத்தார். சொல்லியும் பார்த்தார். "அண்ணே."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் சகலை, தலையைத் தூக்காமல். "வெளிச்சம் மறைக்குது."

மேட்டுக்காரர் தள்ளி நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். சகலை மறுபடி துளையைக் குத்தத் தொடங்கினார். போகச் சொல்லவில்லை. பிறகு மேட்டுக்காரர் தானே திரும்பி, பிரித்துப்போட்ட என்ஜின்களுக்கு நடுவே, எதையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்து, தெருவுக்கு வந்தார்.